எலியின் சிறுநீரகத்தைக் காத்த மூலிகை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்குமா?

கீமோதெரபி மருந்துகளால் சிறுநீரகம் பழுதாவதை ஒரு மூலிகைச் சாறு தடுத்துவிட்டது என்ற செய்தி அடிக்கடி வெளியாகிறது. கீழாநெல்லி, மூக்கிரட்டை, சீந்தில், நெருஞ்சில், கருஞ்சீரகம், மஞ்சள், இஞ்சி, மாதுளை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இச்செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் முறையாக வெளியிடப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் அந்த விளைவு காணப்பட்டதும் உண்மையே. ஆனால் அந்த ஆய்வுகள் விடை தேடிய கேள்வி வேறு. சிகிச்சையில் இருக்கும் நோயாளியும் அவர் குடும்பத்தாரும் கேட்கும் கேள்வி வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் செய்திகள் சொல்வதில்லை. அந்தத் தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை எப்படித் தாக்குகிறது

இத்துறையின் மூலிகை ஆய்வுகளில் பெரும்பகுதி சிஸ்பிளாட்டின் என்ற ஒரு மருந்தைச் சுற்றியே நடக்கிறது. பிளாட்டினம் உலோகத்தை நடுவில் கொண்ட இந்தச் சேர்மத்தை இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே 1845ஆம் ஆண்டிலேயே தயாரித்துவிட்டார். அதற்குச் செல் பிரிவைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது 1960களில்தான் தெரியவந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாக்களின் மீது மின்புலத்தின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்த பார்னெட் ரோசன்பெர்க், மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினமே அவற்றின் பிரிவை நிறுத்தியது என்று கண்டறிந்தார். 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, நுரையீரல், தலை மற்றும் கழுத்து, சிறுநீர்ப்பை, கருப்பைவாய், சூலகம், விரை ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்களுக்கு இன்றும் முதன்மையானது. உடலில் பரவிவிட்ட விரைப் புற்றுநோயைக்கூடப் பெரும்பாலோரிடம் குணப்படுத்த முடிவதற்கு இதுவே காரணம். ஆகவே, சிறுநீரகத்துக்கு அஞ்சி இம்மருந்தைக் கைவிடுவது எளிதில் எடுக்கக்கூடிய முடிவல்ல.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டியும் அதைத் தொடர்ந்து வரும் நீண்ட நுண்குழலும் சேர்ந்த அமைப்பு. வடிகட்டியிலிருந்து இறங்கும் நீரில் உடலுக்குத் தேவையான உப்புகளையும் சர்க்கரையையும் நுண்குழலின் முதல் பகுதி மீட்டு எடுத்துக்கொள்கிறது. இந்த வேலைக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதால் அங்குள்ள செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்திருக்கும். சிஸ்பிளாட்டின் குறிப்பாகத் தாக்குவது இந்தச் செல்களைத்தான். அது படிப்படியாக நடக்கிறது.

1. நுழைவு: இரத்தத்தில் வரும் மருந்தை ஓசிடி-2, சிடிஆர்-1 என்ற கடத்திப் புரதங்கள் நுண்குழல் செல்லுக்குள் இழுத்துக்கொள்கின்றன.

2. தேக்கம்: உள்ளே போன மருந்து எளிதில் வெளியேறுவதில்லை. நுண்குழல் செல்களில் அதன் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் சுமார் ஐந்து மடங்கு உயர்கிறது.

3. மாற்றம்: வழக்கமாக நச்சுகளைக் கட்டிப்போடும் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறு சிஸ்பிளாட்டினுடன் இணைகிறது. ஆனால் சிறுநீரகத்திலுள்ள சில நொதிகள் அந்த இணைப்பை உடைத்து, மூல மருந்தைவிடக் கடுமையான நச்சாக மாற்றிவிடுகின்றன.

4. சிதைவு: மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதடைகின்றன, கட்டுக்கடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்லின் சவ்வையும் மரபணுப் பொருளையும் தாக்குகின்றன. இந்நிலையை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

5. அழற்சியும் இறப்பும்: காயம்பட்ட செல்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெளியிடுகின்றன, செல்கள் தாமாகவே மடியும் வழிமுறைகள் முடுக்கிவிடப்படுகின்றன.

இவற்றின் விளைவாக, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவு இரத்தத்தில் உயர்கிறது. நுண்குழல்களால் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் மீட்டெடுக்க முடியாமல் அவை சிறுநீரோடு வெளியேறுகின்றன. சிஸ்பிளாட்டின் பெறுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அளவில் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படுவதாக நெடுங்காலமாகவே பதிவாகியிருக்கிறது. சிலரிடம் அது முழுமையாகச் சீரடைவதில்லை.

எல்லா கீமோ மருந்துகளும் ஒரே வழியில் தாக்குவதில்லை

‘கீமோவால் வரும் சிறுநீரகப் பாதிப்பு’ என்று பொதுவாகச் சொல்லும்போதே ஒரு குழப்பம் தொடங்கிவிடுகிறது. உயர் அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் கரையாமல் படிகமாகி நுண்குழல்களை அடைக்கிறது. அதைத் தடுப்பதற்காகச் சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்திருக்கிறார்கள். இரத்தத்தில் மருந்து ஆபத்தான அளவில் தங்கிவிட்டால் அதைச் சிதைக்கும் குளுக்கார்பிடேஸ் என்ற நொதியைச் செலுத்துகிறார்கள். இஃபோஸ்ஃபமைடு மருந்தோ, உடலில் உடையும்போது உருவாகும் குளோரோஅசிட்டால்டிஹைடு என்ற துணைப்பொருளால் நுண்குழல்களைக் கெடுக்கிறது. அதோடு சேர்த்துத் தரப்படும் மெஸ்னா சிறுநீர்ப்பையைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. ஆகவே சிஸ்பிளாட்டின் தந்த எலிகளிடம் பலித்த மூலிகை, மெத்தோட்ரெக்ஸேட் பெறும் நோயாளிக்கும் பயன்படும் என்று எண்ண எந்த அடிப்படையும் இல்லை.

மூலிகைகள் எந்தப் படியில் வேலை செய்கின்றன

தாவரங்களிலுள்ள பாலிஃபீனால்கள் போன்ற பொருள்கள் மேலே சொன்ன 4ஆம், 5ஆம் படிகளில் குறுக்கிடுகின்றன. மஞ்சளின் குர்குமின், கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன், பால் நெருஞ்சில் விதையின் சிலிமரின், பச்சைத் தேயிலையின் இஜிசிஜி ஆகியவை இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டவை. இவை ஆக்சிஜன் மூலக்கூறுகளை நேரடியாகத் தணிப்பதைவிட, செல்லின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டியெழுப்புவதே முக்கியமானது என்று இன்று கருதப்படுகிறது. அந்தப் பாதுகாப்பின் தலைமை விசையாக என்ஆர்எஃப்-2 என்ற புரதம் இருக்கிறது. அது முடுக்கப்பட்டால் குளுட்டாதயோன் உள்ளிட்ட பாதுகாப்புப் பொருள்களைச் செல் கூடுதலாக உற்பத்தி செய்யும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மிகச் சிக்கலான கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது.

எலி ஆய்வு எப்படி நடக்கிறது

இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. நலமான இளம் எலிகளைச் சில குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் தருவதில்லை. இன்னொன்றுக்கு சிஸ்பிளாட்டின் மட்டும். மற்றவற்றுக்குச் சில நாள் முன்பிருந்தே மூலிகைச் சாற்றை வாய்வழி ஊட்டிவிட்டுப் பிறகு சிஸ்பிளாட்டின். மருந்து பொதுவாக ஒரே தவணையாக வயிற்றறைக்குள் ஊசிமூலம் செலுத்தப்படுகிறது. சில நாள் கழித்து இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும், சிறுநீரகத் திசுவில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்களும் அளக்கப்படுகின்றன. திசு நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. மூலிகை பெற்ற குழுவின் எண்கள் சற்று நல்லபடியாக இருந்தால், ‘சிறுநீரகப் பாதுகாப்பு ஆற்றல் உண்டு’ என்று கட்டுரை முடிகிறது.

இதில் உள்ள இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. எலிக்குப் புற்றுநோய் இல்லை. இதுவே எல்லாவற்றிலும் பெரிய குறை. கட்டி இல்லாத விலங்கில் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டதா என்று மட்டுமே பார்க்க முடியும்; மருந்தின் கட்டியழிக்கும் வேலை குறைந்ததா என்று பார்க்கவே முடியாது. சிஸ்பிளாட்டினைச் செயலிழக்கச் செய்யும் எந்தப் பொருளும் இந்த ஆய்வில் ‘சிறுநீரகக் காப்பான்’ என்றே தேறிவிடும்.

2. அளவு. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு தந்ததாக வைத்துக்கொள்வோம். இவ்வகை ஆய்வுகளில் இது சாதாரணமான அளவு. உடல் பரப்பை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான கணக்கில், எலியின் அளவை 6.2ஆல் வகுத்தால் மனிதனுக்கு இணையான அளவு கிடைக்கும்: கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் செறிவூட்டிய சாறு. காய்ந்த மூலிகையில் பத்தில் ஒரு பங்கே சாறாகத் தேறும் என்று கொண்டால், தினமும் 39 கிராம் மூலிகை. குமட்டலாலும் வாய்ப்புண்ணாலும் சாப்பிடவே முடியாமல் தவிக்கும் ஒருவரால் இதை எத்தனை நாள் விழுங்க முடியும்?

3. சாறு என்பது ஒரே பொருளன்று. நீரில் எடுத்த சாறு, ஆல்கஹாலில் எடுத்த சாறு, வேர், இலை, விதை என ஒவ்வொன்றின் வேதிச் சேர்க்கையும் வேறு. பறித்த பருவமும் மண்ணும் அதை மாற்றும். எத்தனால் சாற்றைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவை, கடையில் விற்கும் சூரணத்துக்கோ வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கோ பொருத்துவது சரியாகாது.

4. காலம். எலிக்கு ஒரே ஊசி. நோயாளிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல சுற்றுகள், அல்லது கதிர்வீச்சுடன் சேர்த்து வாரந்தோறும். எலி இளமையானது, நோயாளிக்கு வயதும், சர்க்கரை நோயும், இரத்த அழுத்தமும், அவற்றுக்கான மாத்திரைகளும் இருக்கக்கூடும்.

5. வெளியீட்டுச் சாய்வு. பலன் தராத மூலிகை ஆய்வுகள் அச்சேறுவது அரிது. பட்டியலில் ஏறத்தாழ எல்லா மூலிகைகளும் வெற்றி பெற்றவையாகவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதர்களிடம் தெரிந்தவை

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகக் குறைவு, நடந்தவையும் சிறியவை. சிலிமரின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விலங்குகளில் பல முறை பலன் காட்டிய அப்பொருளை, நாளொன்றுக்கு 420 மில்லிகிராம் அளவில் மாத்திரையாகத் தந்து ஈரானில் நடத்தப்பட்ட ஒரு சோதனையில், சிஸ்பிளாட்டினால் வரும் சிறுநீரகப் பாதிப்பையோ மெக்னீசிய, பொட்டாசிய இழப்பையோ அது தடுக்கவில்லை. குடலிலிருந்து சிலிமரின் சரிவர உறிஞ்சப்படாதது இதற்குக் காரணமாக இருக்கலாம். குர்குமினுக்கும் இதே தடை உண்டு: கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அந்த அளவு பல மடங்கு உயரும் என்பது உண்மைதான். ஆனால் பைப்பரின் அதைச் செய்வது, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் வெளியேற்றும் புரதங்களையும் தடுப்பதன் மூலம்; நோயாளி உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் அளவும் அதனால் மாறக்கூடும்.

கட்டியும் காப்பாற்றப்பட்டால்?

பயிருக்கு இட்ட உரத்தைக் களையும் உண்ணும் என்பதுதான் இங்குள்ள அச்சம். இது வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, முன்பு சொன்ன என்ஆர்எஃப்-2. பல புற்றுநோய்க் கட்டிகள், குறிப்பாக நுரையீரல் கட்டிகளில் ஒரு பகுதி, மரபணு மாற்றத்தால் இந்த விசையை எப்போதும் முடுக்கிய நிலையில் வைத்திருக்கின்றன. அத்தகைய கட்டிகள் கீமோதெரபியை எதிர்த்து நிற்பவை என்று அறியப்பட்டிருக்கிறது. நுண்குழல் செல்லில் எந்த விசையை முடுக்க விரும்புகிறோமோ, அதே விசை கட்டிச் செல்லுக்கும் கேடயமாகிறது.

இரண்டாவது, இஜிசிஜி. மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் போர்டிசோமிப் மருந்துடன் இந்தத் தேயிலைப் பொருள் நேரடியாக வேதிப் பிணைப்பு கொண்டு அதன் ஆற்றலை முடக்கியதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வைத் தொடங்கியவர்கள் எதிர்பார்த்தது, பச்சைத் தேயிலை மருந்துக்கு வலு சேர்க்கும் என்பதையே.

மூன்றாவது, சோடியம் தயோசல்ஃபேட். இது மூலிகை அல்ல. சிஸ்பிளாட்டினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள். சிஸ்பிளாட்டினால் குழந்தைகளுக்கு ஏற்படும் காது கேளாமையைத் தடுக்க இதைச் சோதித்தார்கள். கல்லீரல் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் முடிந்து 6 மணி நேரம் கழித்து இதைத் தந்தபோது, கேட்கும் திறன் குறைந்தவர்கள் 63 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தார்கள், உயிர்வாழ்வு பாதிக்கப்படவில்லை. ஆனால் மற்றொரு சோதனையில், நோய் உடலில் பரவியிருந்த குழந்தைகளிடையே, இம்மருந்து பெற்றவர்களின் உயிர்வாழ்வு குறைவாக இருந்தது. அதனால்தான் 2022இல் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த ஒப்புதல், நோய் பரவாத திடக்கட்டிகளுடைய குழந்தைகளுக்கு மட்டும் என்ற வரம்புடன் வந்தது. ஒரே ஒரு தூய பொருளுக்கு, நேரமும் அளவும் வரையறுத்து, கட்டியின் நிலையையும் பார்த்துத்தான் அனுமதி தர முடிந்தது. நூற்றுக்கணக்கான சேர்மங்களைக் கொண்ட ஒரு சாற்றுக்கு அதைவிடக் குறைந்த எச்சரிக்கை போதும் என்று எப்படிச் சொல்வது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குர்குமின் போன்ற சில பொருள்கள் ஆய்வகச் செல்களில் சிஸ்பிளாட்டினின் ஆற்றலைக் கூட்டியதாகவும் ஆய்வுகள் உண்டு. சிறுநீரகத்தில் ஓசிடி-2 கடத்தியை மட்டும் தடுத்து, மருந்து நுண்குழல் செல்லுக்குள் நுழைவதையே குறைக்கும் பொருள் கிடைத்தால், கட்டியைத் தொடாமல் சிறுநீரகத்தைக் காக்கும் வாய்ப்பும் இருக்கிறது. இத்துறையில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைவிட இந்தப் பாதையே நம்பிக்கைக்குரியது என்பது என் கருத்து. தாவரங்களிலிருந்து மருந்து வராது என்று யாரும் சொல்ல முடியாது: வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தும், பாக்ளிடாக்சல் யூ மரப்பட்டையிலிருந்தும் வந்தவையே. ஆனால் அவை தனிப் பொருளாகப் பிரிக்கப்பட்டு, அளவு நிர்ணயிக்கப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்தாயின.

மூலிகையே சிறுநீரகத்தைக் கெடுக்கும் சூழல்கள்

சிறுநீரகத்தைக் காக்க எடுத்தது அதையே கெடுத்துவிடக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. அரிஸ்டோலோகிக் அமிலம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

2. அதிமதுரம். இதிலுள்ள கிளிசிரைசின், தொடர்ந்து உட்கொண்டால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிஸ்பிளாட்டினால் ஏற்கெனவே பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்திருப்பவருக்கு இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்கு இது போகலாம்.

3. ஆக்சலேட். மஞ்சளை அளவுமீறி மாத்திரையாக நீண்ட காலம் எடுப்பதாலும், நட்சத்திரப் பழச் சாற்றாலும் ஆக்சலேட் படிகங்கள் நுண்குழல்களில் படிந்து சிறுநீரகம் பழுதான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

4. கன உலோகங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

மருந்துகளோடு மோதுவது தனிச் சிக்கல். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் என்னும் கீமோ மருந்தின் செயல்வடிவத்தை இரத்தத்தில் 42 சதவீதம் குறைத்தது மனிதர்களிடமே அளந்து அறியப்பட்டது.

இன்று உண்மையில் சிறுநீரகத்தைக் காப்பவை

சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாகச் சலைன் ஏற்றுவது, அதில் மெக்னீசியம் சேர்ப்பது, சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று கவனிப்பது ஆகியவையே அடித்தளம். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருந்தாலும், எந்த மூலிகைச் சாற்றைவிடவும் வலுவான ஆதாரம் இவற்றுக்கே உண்டு. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்ப்பதும் இதில் அடங்கும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருத்துவர் மருந்தின் அளவைப் பிரித்துத் தரலாம். நோய்க்குப் பொருந்துமானால் சிறுநீரகத்தைக் குறைவாகப் பாதிக்கும் கார்போபிளாட்டினுக்கு மாற்றலாம். அமிஃபோஸ்டின் என்ற காப்பு மருந்தும் இருக்கிறது. இரத்த அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்துவதாலும் கடும் வாந்தியாலும் அதன் பயன்பாடு குறைவு.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை

மூலிகை எடுப்பதை மருத்துவர் கடிந்துகொள்வார் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தால் வரும் ஆபத்து மூலிகையின் ஆபத்தைவிடப் பெரிதாகலாம். கிரியாட்டினின் உயரும்போது காரணம் எதுவென்று தெரியாமல், பயன்தரும் கீமோ மருந்தே நிறுத்தப்பட நேரிடும். எடுக்கும் சூரணம், லேகியம், மாத்திரை அனைத்தையும் உறையோடு எடுத்துச் சென்று காட்டுவதே சிறந்தது. சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளும் இஞ்சியும் மிளகும் இந்த எச்சரிக்கைக்குள் வருவதில்லை. செறிவூட்டிய மாத்திரைகளும் சாறுகளுமே வருகின்றன.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயால் தசை கரைந்தவரிடம் கிரியாட்டினின் இயல்பாகவே குறைந்து காணப்படும் என்பதால், அறிக்கையில் எண் ‘இயல்பு வரம்பில்’ இருந்தாலும் முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டால்தான் பாதிப்பு தெரியும், 0.6இலிருந்து 1.0 ஆவதும் ஓர் உயர்வே. ஊசிக்குப் பின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காமல் தண்ணீர் தங்கவில்லை என்றாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், கை கால்களில் தசைப்பிடிப்போ துடிப்போ தோன்றினாலும், அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.